கம்யூனிஸ்ட் பச்சை

போடிமெட்டு ஏறி ராஜாக்காடு, அடிமாலிப் பக்கம் காட்டு வேலைக்குப் போய்வந்த நம் ஊர்க்காரர்களுக்குக் கம்யூனிஸ்ட் பச்சையைத் தெரியாமல் இருக்காது. ஆள் உயரப் புதர். இலையைக் கசக்கினால் ஒரு நெடி அடிக்கும். மார்கழி, தையில் வெளிறிய ஊதாப் பூ கொத்துக் கொத்தாக நிற்கும். நம் சாமந்தி, சூரியகாந்திக் குடும்பம்தான். வேலையில் அரிவாள் பட்டுவிட்டால் இதன் இலையைத்தான் கசக்கி வைத்துக் கட்டுவார்கள். சிலமலையில் என் சித்தியே அப்படிக் கட்டிக்கொண்டு வந்து இறங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

பேர்தான் வேடிக்கை. கம்யூனிஸ்ட் என்கிறோம், செடியோ அமெரிக்காக்காரன்! மெக்சிகோ தொடங்கி அர்ஜென்டினா வரை அதன் சொந்த மண். 1759-ல் லின்னேயஸ் அதற்கு அறிவியல் பேர் வைத்தார். 1970-ல் அதை ‘குரோமோலேனா’ என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். நம் நாட்டில் 1840-களில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் இது வளர்ந்ததாகப் பதிவு இருக்கிறது. தோட்டத்தைத் தாண்டி அசாம், பர்மா என்று பரவி, 1940-கள் வாக்கில் கேரளத்துக்கும் வந்துவிட்டது.

அங்கே அது செங்கொடி பரவிய காலம். 1957 ஏப்ரலில் இ.எம்.எஸ். மந்திரிசபையே அமைந்தது. இரண்டும் ஒரே வேகத்தில் பரவியதால் மலையாளிகள் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேர் வைத்தார்கள். மலையேறிப் போன நம் ஆட்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள். மற்ற ஊர்களிலும் இதே கதைதான். அசாமில் இதற்கு ‘ஜெர்மனிக் காடு’ என்று பேர். ஆப்பிரிக்காவில் கானா மக்கள், 1972 முதல் 1978 வரை தங்களை ஆண்ட ராணுவத் தலைவர் அச்சம்பாங் பேரையே வைத்துவிட்டார்கள்.

ஆனால் செடிக்குக் கட்சி ஏது? பஞ்சு ஒட்டிய சின்ன விதை, காற்று போகிற பக்கம் போகும். அடர்ந்த நிழலில் அதனால் தழைக்க முடியாது, வெயில் வேண்டும். மரம் வெட்டிய இடம், ரோடு போட மண் அறுத்த சரிவு, போட்டுவிட்டுப் போன தோட்டம், இங்கேதான் அது காடாக மண்டும். மற்ற செடிகளைத் தலையெடுக்க விடாது. கோடையில் காய்ந்தால் தீக்கும் நல்ல தீனி.

ஏலத்துக்கோ நிழல்தான் உயிர். போடிக்குச் சந்தையும் சோறும் கொடுத்தது மேலே நின்ற அந்தப் பெருமரங்கள்தான். ஆகையால், முன்பு ஏலம் நின்ற சரிவில் இந்தப் பச்சை மண்டிக் கிடந்தால் அதன்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. மரத்தை வெட்டி அதற்கு வாசல் திறந்துவிட்டது மனுசக் கைதான்.