வேட்டையும் வீரமும்

ஜொகூர் மாநிலத்தின் அரசுச் சின்னத்தில் இரு புலிகள் கேடயத்தைத் தாங்கி நிற்கின்றன. காம்பியர், மிளகு ஆகிய பயிர்களின் இலைகளும் அதில் இடம்பெற்றுள்ளன. மாநிலத்தின் வரலாறு அச்சிறு ஓவியத்தில் அடங்கிவிட்டது எனலாம். காடு திருத்திப் பயிரிட்டதால் ஜொகூர் செல்வம் பெற்றது. அக்காட்டின் அரசனாகிய புலியையே தன் பெருமைக்கு அடையாளமாகக் கொண்டது. சின்னத்தில் புலி நிலைத்துவிட்டது. காட்டில் அது நிலைக்குமா என்பதே இன்று எழும் வினா.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தெமெங்கோங் இப்ராகிமின் காலத்தில், சீனக் குடியேறிகள் ஜொகூரின் ஆற்றங்கரைகளில் காம்பியரும் மிளகும் பயிரிட்டனர். தோல் பதனிடவும் சாயமேற்றவும் பயன்பட்ட காம்பியரின் இலையைக் காய்ச்சுவதற்கு விறகு ஏராளமாகத் தேவைப்பட்டது. காடு விரைந்து குறைந்தது. புலியின் எல்லைக்குள் மனிதன் புகுந்தான். புலிக்கு இரையும் ஆனான். பின்னர் இரப்பர் வந்தது. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் காட்டோரத்து லயங்களில் குடியேறி, விடியுமுன் பால்மரம் வெட்டப் புறப்பட்டனர். அத்தகைய சூழலில் உயிரைக் காக்கப் புலியைக் கொன்றவனை எவரும் பழிக்கமாட்டார்.

தமிழர் மரபும் அவ்வீரத்தை அறியும். கொங்கு நாட்டில் காணப்படும் புலிக்குத்திக் கற்கள் அதற்குச் சான்று. ஆநிரையையோ ஊரையோ காக்கப் புலியோடு பொருது மாண்டவனுக்கு எடுக்கப்பட்டவை அந்நடுகற்கள். அவை வீழ்ந்த விலங்கைக் காட்டிப் பெருமை பேசுவதற்காக நடப்பட்டவை அல்ல. பிறருக்காகத் தன்னுயிர் ஈந்தவனை நினைவுகூர நடப்பட்டவை. வீரத்திற்கும் வேட்டைப் பெருமைக்கும் உள்ள வேறுபாட்டை அக்கற்களே உணர்த்துகின்றன.

அப்பெருமையின் காலம் மலாயாவில் ஆங்கிலேயர் ஆட்சியோடு வளர்ந்தது. துப்பாக்கியும் சாலையும் காட்டை எளிதில் எட்டச் செய்தன. யானை, செலாடாங் எனப்படும் காட்டெருது, புலி ஆகியவற்றை வீழ்த்துவது கனவான்களின் விளையாட்டாயிற்று. 1895 முதல் 1959 வரை ஜொகூரை ஆண்ட சுல்தான் இப்ராகிம் புலி வேட்டையில் பெயர் பெற்றவர். 1866இல் எழுப்பப்பட்ட இஸ்தானா பெசார் அரண்மனை 1990இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டபோது, அவ்வேட்டைக் காலத்தின் சின்னங்களும் அங்குக் காட்சிக்கு வைக்கப்பட்டன. அதே சுல்தான் 1928இல் ஜொகூர் பாருவில் விலங்குத் தோட்டம் ஒன்றை அமைத்தார் என்பதும் மறக்கத்தக்கதன்று. விலங்கின் மீதுள்ள வியப்பும் அதனை வீழ்த்தும் விருப்பமும் ஒரே நெஞ்சில் குடியிருந்த காலம் அது.

அக்காலத்திலேயே ஒரு வேட்டைக்காரர் மனம் மாறினார். அவர் தியோடர் ஹப்பேக். கோலாலம்பூர் இரயில் நிலையத்தை வடிவமைத்த ஏ. பி. ஹப்பேக்கின் உடன்பிறந்தவர். யானை, செலாடாங் வேட்டையைப் பற்றி 1905இல் நூல் எழுதியவர் அவர். ஆனால், உரிமச் சீட்டு பெற்ற துப்பாக்கிகளும் பெறாத துப்பாக்கிகளும் காட்டை வெறுமையாக்குவதைக் கண்ட பின், விலங்குகளின் வழக்கறிஞர் ஆனார். 1930இல் அமைக்கப்பட்ட மலாயா வனவிலங்கு ஆணையத்தின் பொறுப்பேற்று, 1932இல் அறிக்கை அளித்தார். பகாங், கிளந்தான், திரெங்கானு சுல்தான்களின் இசைவுடன் 1938-39ஆம் ஆண்டுகளில் உருவான தேசியப் பூங்காவே இன்றைய தாமான் நெகாரா. அதற்கு அவரது உழைப்பே பெருங்காரணம். வேட்டையின் சுவையை நன்கறிந்தவரே அதற்கு வரம்பு வேண்டும் என்று வாதாடினார் என்பது எண்ணத்தக்கது.

சட்டம் மெல்ல மெல்லப் பின்தொடர்ந்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1976இல்தான் புலிக்கு முழுப் பாதுகாப்புக் கிடைத்தது. 1977இல் எண்டாவ்-ரொம்பின் காட்டில் மரம் வெட்ட அனுமதி வழங்கப்பட்டபோது, மலாயா இயற்கைக் கழகமும் நாளிதழ்களும் பொதுமக்களும் எதிர்த்துக் குரல் எழுப்பினர். அக்குரல் வீண்போகவில்லை. 1993இல் அக்காட்டின் ஜொகூர்ப் பகுதி தேசியப் பூங்காவாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. எனினும், அக்காட்டின் பெருமையாக விளங்கிய சுமத்திராக் காண்டாமிருகம் தப்பவில்லை. காடழிவும் கொம்புக்கான கொலையும் அதன் இனத்தைச் சிதைத்தன. 2015இல் மலேசியக் காடுகளில் அது அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. காப்பகத்தில் எஞ்சியிருந்த கடைசிப் பெண் விலங்கும் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. ஓர் இனம் மிகவும் அருகிவிட்ட பின் வரும் சட்டம் அதனை மீட்டுத் தராது.

இவ்வளவு நிகழ்ந்த பின்னரும், பெருமைக்காக வேட்டையாடுவதைச் சட்டப்படி அனுமதிக்கலாம் என்னும் வாதம் உலகின் பல பகுதிகளில் அவ்வப்போது எழுகிறது. கரடியும் அவ்வாதத்திற்கு இலக்காவதுண்டு. வேட்டைக் கட்டணம் காட்டைக் காக்கப் பயன்படும் என்பர். தொல்லை தரும் விலங்குகள் குறையும் என்பர். இவ்விரு கூற்றுகளையும் இந்நாட்டின் அனுபவத்தோடு ஒப்பிடுதல் நன்று. கடமானை உரிமம் பெற்று வேட்டையாட இங்கு இடமிருந்தது. அதன் தொகை சரிந்ததால், 2009இல் அவ்வேட்டையை நிறுத்திவைக்க நேர்ந்தது. கடமான் குறைந்தால் புலிக்கு இரையும் குறையும். பயிரை அழிக்கும் யானைக்கும் துப்பாக்கி ஒன்றே விடையன்று. அதனைப் பிடித்து வேறு காட்டில் விடும் பணியைத் தீபகற்ப மலேசியாவின் வனவிலங்குத் துறை 1974இலேயே தொடங்கிவிட்டது.

எண்டாவ்-ரொம்பின் காட்டில் வாழும் சூரியக் கரடியை எண்ணிப் பார்ப்போர்க்கு உண்மை மேலும் தெளிவாகும். கரடி இனங்களில் இதுவே சிறியது. தேனை நாடுவதால் மலாய் மக்கள் இதனைத் தேன்கரடி என்று பொருள்படும் பெயரால் அழைப்பர். பெரும்பாலும் ஒரு குட்டியையே ஈனும். எனவே ஒரு தாய்க்கரடியின் இழப்பும் எளிதில் ஈடுசெய்யக்கூடியது அன்று. பித்தநீருக்காகவும் பாதங்களுக்காகவும் கள்ள வேட்டைக்காரர் இதனைத் தேடி அலைகின்றனர். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு முழுப் பாதுகாப்பு அளிக்கிறது. அக்கதவைக் கட்டணத்திற்காகச் சிறிதளவு திறந்தாலும், உரிமம் பெற்றுக் கொன்ற கரடி எது, களவாகக் கொன்ற கரடி எது என்று பிரித்தறிதல் அரிதாகிவிடும். கரடிகள் மிகுந்த கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலமே 2017இல் பழுப்புக் கரடி வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. கரடி அருகிய நாடு அதற்குத் தொடக்கப்புள்ளி வைப்பது தகுமா?

1950ஆம் ஆண்டுகளில் 3,000 என மதிப்பிடப்பட்ட மலாயாப் புலிகள், 2016 முதல் 2020 வரை நடந்த கணக்கெடுப்பில் 150க்கும் குறைந்துவிட்டன. அரசுச் சின்னத்தைத் தாங்கும் புலியை மாணவர்க்குக் காட்டும் ஆசிரியர் இந்த எண்ணையும் உடன் கூறுதல் வேண்டும். முன்னோர் நடுகல் நட்டது காத்தவனுக்கே. இன்று காவல் வேண்டுவது புலிக்கும் கரடிக்கும். அவற்றைக் காக்க முன்வருவோரே அம்மரபின் உண்மையான வழித்தோன்றல்கள்.