உலக்கை உடைந்த கதை

முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பின் அடிப்பகுதி, கணுக்கால் மூட்டோடு சேர்ந்து நொறுங்குவதை டாக்டர்கள் 'பைலான்' முறிவு என்பார்கள். பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்கு அது தெரிந்த சொல். அங்கே 'பிலோன்' என்றால் உலக்கை. லியோன் நகரத்து டாக்டர் எதியென் தெஸ்தோ 1911-இல் வைத்த பெயர் அது. 1895-இல் ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தபின், கிழிக்காமலே எலும்பைப் பார்த்த முதல் தலைமுறை டாக்டர் அவர். உயரத்திலிருந்து விழுந்தால் மேல் எலும்பு உலக்கை மாதிரி கீழே இடிக்கிறது. உடைவது உலக்கைதான்.

வெகுகாலம் மாவுக்கட்டும், குதிகாலில் கம்பி கோத்து எடை தொங்கவிடுவதும்தான் வைத்தியம். 1969-இல் சுவிட்சர்லாந்தின் ரூயெடி, ஆல்கோவர் இருவரும் 84 முறிவுகளைப் பற்றி எழுதினார்கள். காலைத் திறந்து தகடும் திருகும் வைத்ததில் நல்ல பலன். மற்ற நாட்டு டாக்டர்களும் அப்படியே செய்தார்கள். ஆனால் அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் பனிச்சறுக்கில் விழுந்தவர்கள். வண்டி மோதி நொறுங்கிய கால்களில் அதே வேலையைச் செய்தபோது தையல் பிரிந்தது, சீழ் வைத்தது. சிலருக்குக் காலையே எடுக்க நேர்ந்தது. கணுக்காலின் உள்பக்கம் தொட்டுப் பாருங்கள். தோலுக்கு அடியில் உடனே எலும்பு; நடுவே சதை இல்லை. வீங்கிய தோலை அங்கே நீளமாகக் கிழித்தால் லேசில் ஆறாது.

1999-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வுகள் காத்திருப்பதையே ஒரு முறையாக்கின. முதலில் காலுக்கு வெளியே கம்பிச் சட்டம். பத்துப் பதினைந்து நாளில் வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழுந்த பின் ஆபரேஷன். ஏறக்குறைய அதே காலத்தில் சிறுதுளை முறையும் பரவியது. இரண்டு மூன்று சிறிய வெட்டு வழியே தகட்டைத் தோலுக்கடியில் நுழைத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே திருகை முடுக்குகிறார்கள். எலும்புக்குப் போகும் ரத்த ஓட்டமும் கெடுவதில்லை. மூட்டின் மேற்பரப்பே பல துண்டாகியிருந்தால் மட்டும் அந்த இடத்தைத் திறந்துதான் அடுக்க வேண்டியிருக்கும்.

தோலின் அருமை நம் கோயம்புத்தூருக்கும் தெரியும். 1978-இல் தொடங்கிய கங்கா மருத்துவமனை, தோல் கிழிந்து எலும்பு முறிந்த கால்களைக் காப்பாற்ற முடியுமா என்று கணிக்க ஒரு மதிப்பெண் முறையை வகுத்து 2006-இல் வெளியிட்டது. அதில் எலும்புக்கு எவ்வளவு மார்க்கோ, தோலுக்கும் அவ்வளவு.

ஆகவே, வீட்டில் யாருக்காவது இப்படி முறிந்து, "வீக்கம் வடியட்டும்" என்று டாக்டர் சொன்னால், சும்மா படுக்கப் போட்டிருக்கிறார்கள் என்று கோபித்துக்கொண்டு நாட்டுக்கட்டுக்கு ஆளைத் தூக்கிப் போய்விடாதீர்கள். விரல் மரத்தாலோ, சில்லிட்டாலோ, வலி தாங்கமுடியாமல் ஏறினாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். மற்றபடி அந்தப் பத்து நாளும் வைத்தியம்தான்.