இடாப்பில் இல்லாத இணைப்பு

கம்பி செருகப்பட்டிருக்கும். 'பிங்' அனுப்பினால் மறுமொழி உடனே வரும். ஆயினும் உலாவி, "இணைப்பில் இல்லை" என்று சாதிக்கும். 2008 ஆம் ஆண்டளவில் லினக்ஸ் பாவித்த பலருக்கு நேர்ந்த விசித்திரம் இது. இதற்கு ஒரு சிறு வரலாறு உண்டு.

ஆரம்ப காலத்தில் லினக்ஸ் பாவனையாளர் தமது கணினியின் முகவரியையும் நுழைவாயிலையும் தாமே ஒரு கோப்பில் எழுதி வைத்தனர். டெபியனில் அக்கோப்பின் பெயர் 'இன்டர்பேசஸ்'. மேசைக் கணினிக்கு அது போதுமானதாக இருந்தது. மடிக்கணினியும் கம்பியில்லா வலையமைப்பும் பரவியபோது இடத்துக்கு இடம் கோப்பைத் திருத்துவது பெருந்தொல்லையாயிற்று. 2004 இல் ரெட் ஹட் நிறுவனத்தார் தொடங்கிய 'நெட்வேர்க் மனேஜர்' அத்தொல்லையைத் தீர்க்க வந்தது.

டெபியனிலும் உபுண்டுவிலும் அது ஒரு மரியாதையைக் கடைப்பிடித்தது: கையால் எழுதப்பட்ட கோப்பிலுள்ள இணைப்பை அது தொடாது. நல்ல வழக்கந்தான். ஆனால் ஏனைய மென்பொருள்கள் நிலைமையை வினவியபோது, "அது என் பொறுப்பில் இல்லை" என்று சொல்லாமல் "இணைப்பே இல்லை" என்று அறிவித்தது. என் நோக்கில் பிழை முழுவதும் இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. 2008 ஜூனில் வெளிவந்த பயர்பொக்ஸ் 3 அதை அப்படியே நம்பியது. எவலூஷன், பிட்ஜின் ஆகியவையும் நம்பின. தன் கணினியை நன்கறிந்து தானே அமைத்தவன், உலாவியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பட்டியலுக்குச் சென்று 'இணைப்பின்றிப் பணிபுரி' என்பதை நீக்க வேண்டியதாயிற்று.

உப்புக்குளத்தில் இருந்து பார்ப்பவனுக்கு இது புதிய கதையன்று. 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பலர், 2009 இல் போர் முடிந்தபின் திரும்பி வந்து வீட்டு வாசலில் நின்றபோதும் அவர்களது பெயர் புத்தளத்து வாக்காளர் இடாப்பிலேயே கிடந்தது.

பயர்பொக்ஸில் அந்த வினவலை நிறுத்த ஒரு வழி பின்னர் வைக்கப்பட்டது. 2011 இல் வந்த நெட்வேர்க் மனேஜர் 0.9, 'உண்டு', 'இல்லை' என்பவற்றோடு நில்லாமல், உள்ளூர் வலையமைப்பு வரை மட்டும் எட்டுவதையும் முழு இணையத்தையும் எட்டுவதையும் பிரித்துக் கூறியது. இடாப்பை மட்டும் நம்பாமல் வெளியே ஒரு பக்கத்தைக் கேட்டுப் பார்க்கும் முறையும் வந்தது.

அதுவும் தவறாதது அன்று. விண்டோஸ் அம்முறையை நெடுங்காலமாகவே கையாண்டு வந்தது. 2020 இல் விண்டோஸ் 10 இன் புதிய பதிப்பு, இணையம் சீராக இருந்தும் "இணையம் இல்லை" என்று காட்டியது. ஸ்பொட்டிபை அதை நம்பி இணைய மறுத்தது.