கையடக்கக் கணினியின் கதை

பேரரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் வரலாற்று நூல்களிற் படிக்கின்றோம். அவை தோன்றி மறைவதற்குப் பல நூற்றாண்டுகள் சென்றன. நமது வாழ்நாளிலேயே, முப்பது நாற்பது ஆண்டுகளுள், தோன்றி மறைந்த ஆட்சிகள் சிலவும் உள. நம் சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு கருவிகளை ஆண்ட ஆட்சிகள் அவை. அவற்றின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

எடுத்துச் செல்லத்தக்க கணினி என்னும் பெயரோடு 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே விற்பனைக்கு வந்தது ‘ஒஸ்போர்ண் 1’. அதன் நிறை ஏறத்தாழ 11 கிலோகிராம். திரையின் அளவோ 5 அங்குலமே. தையற்பொறிபோலப் பிடியிலே பற்றித் தூக்க வேண்டிய அதனைக் கொண்டு சென்றவர், கணினியின் சொந்தக்காரரா அன்றிச் சுமைகாரரா என்று பார்ப்போர் ஐயுற்றிருப்பர். ஆயினும் இருந்த இடத்தைவிட்டு அசையாத கணினி மனிதனுடன் நடக்கத் தொடங்கிய காலம் அதுவே.

கணினியின் உடல் சிறுத்தால் மட்டும் போதாது. அதன் உறுப்புக்களை ஒழுங்குபடுத்தி, நாம் இடும் வேலைகளைப் பங்கிட்டு நடத்தும் மென்பொருள் ஒன்று வேண்டும். அதனைப் பணிசெயல் முறைமை என்பர். கட்டடமும் ஆசிரியரும் மாணவரும் இருந்தும் நேரசூசி இல்லாத பாடசாலை எவ்வாறு இருக்கும்? பணிசெயல் முறைமை இல்லாத கணினியும் அவ்வாறே.

1993இல் அப்பிள் நிறுவனம் ‘நியூட்டன்’ முறைமையில் இயங்கும் கையடக்கக் கருவியை வெளியிட்டது. மனிதரின் கையெழுத்தைத் தானே படித்தறியும் என்பது அதன் பெருமை. ஆனால் முதலில் வந்த கருவி எழுத்துக்களைப் பிழைபடப் படித்து நகைப்புக்கு இடமாயிற்று. 1998இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. 1996இல் வந்த ‘பைலட்’ வேறு வழியிற் சென்றது. அதனை வடிவமைத்த ஜெஃப் ஹோக்கின்ஸ், பையிலே அடங்கும் அளவான மரத்துண்டு ஒன்றைக் கருவியெனப் பாவித்துத் தம்முடன் கொண்டு திரிந்தார். எந்த அளவும் எந்த வேலையும் வேண்டப்படும் என்பதை அதனாற் கண்டறிந்தார். கையெழுத்தைப் பொறி கற்பதற்குப் பதிலாக, எளிதாக்கப்பட்ட எழுத்து வடிவங்களை மனிதரே கற்கும்படி பைலட் கேட்டது. மக்களும் அதனை விரும்பிக் கற்றனர்.

1998இல் இங்கிலாந்தின் சியொன் நிறுவனம், நொக்கியா, எரிக்சன், மோட்டரோலா ஆகியவற்றுடன் கூடிச் ‘சிம்பியன்’ நிறுவனத்தை அமைத்தது. தொலைபேசியும் கணினியும் ஒன்றாயின. நொக்கியாவின் கருவிகளிலே சிம்பியன் உலகெங்கும் பரவியது.

2007ஆம் ஆண்டு திருப்புமுனையாகும். அவ்வாண்டு யூனிலே ஐபோன் விற்பனைக்கு வந்தது. ஒக்டோபரிலே தைவானின் அசூஸ் நிறுவனம், 7 அங்குலத் திரையும் ஒரு கிலோகிராமுக்குக் குறைந்த நிறையும் கொண்ட ‘ஈ பிசி’ என்னும் மலிவான மடிக்கணினியை வெளியிட்டது. அது லினக்ஸ் முறைமையில் இயங்கியது. ஏனைய நிறுவனங்களும் இத்தகைய சிறு கணினிகளைச் செய்யத் தலைப்பட்டன. ஆயினும் மக்கள் தாம் பழகிய மென்பொருள்களையே நாடியதால் லினக்ஸின் இடத்தை விண்டோஸ் பிடித்துக்கொண்டது. 2010இல் ஐபாட் வந்தபின் அவ்வகைக் கணினிகளும் மங்கி மறையலாயின.

2008இல் அப்பிள் தன் மென்பொருட் கடையைத் திறந்தது. அவ்வாண்டிலேயே கூகிளின் அண்ட்ரொயிட் முறைமை கொண்ட முதலாவது தொலைபேசியும் வந்தது. வாங்குவோர் கூடும் சந்தைக்கே விற்போர் செல்வர்; விற்போர் நிறைந்த சந்தைக்கே வாங்குவோர் வருவர். புதிய மென்பொருள்களை ஆக்குவோர் இவ்விரு சந்தைகளிலும் குவிந்தனர். 2010இலும் விற்பனையில் முதலிடம் வகித்த சிம்பியனை, 2011 பெப்புருவரியில் நொக்கியாவே கைவிடத் தீர்மானித்து மைக்ரோசொப்ட்டின் முறைமையைத் தழுவியது. அதுவும் நிலைக்கவில்லை. 2014இல் நொக்கியாவின் தொலைபேசித் தொழில் மைக்ரோசொப்ட்டின் கைக்கு மாறியது. 2020இன் தொடக்கத்தில் மைக்ரோசொப்ட் தன் தொலைபேசி முறைமைக்கான ஆதரவையும் நிறுத்தியது. பைலட்டின் வழிவந்த கருவிகளும் 2011இலேயே முடிவெய்தின. இன்று உலகின் கைத்தொலைபேசிகளுட் பெரும்பாலானவை அண்ட்ரொயிட், ஐஓஎஸ் என்னும் இரு முறைமைகளுக்குள் அடங்கிவிட்டன.

இதனால் நமக்கு என்னவென்று சிலர் வினவலாம். ஒரு முறைமை மறையும்பொழுது அதற்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்களும் பயனற்றுப் போகின்றன. அவற்றிலே மட்டும் திறக்கக்கூடிய குறிப்புக்களும் கடிதங்களும் படிக்க முடியாதனவாகின்றன. முறைமையை ஆக்குவோர் இடமளித்தாலன்றி ஒரு மொழியின் எழுத்தும் திரையிலே தோன்றாது. தொடக்ககாலக் கருவிகள் பலவற்றில் தமிழ் வெறுங் கட்டங்களாகவே தெரிந்தது.

ஏடு சிதையுமுன் அதனைப் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதுவது நம் முன்னோர் வழக்கம். அவ்வழக்கம் இக்காலத்துக்கும் வேண்டுவதே. காக்கத்தக்க எழுத்துக்களை ஒரு நிறுவனத்தின் கருவிக்குள் மட்டும் பூட்டிவைக்காது, எல்லா முறைமைகளும் ஏற்கும் ஒருங்குறி எழுத்தில் அமைத்து, கருவி மாறுந்தோறும் படியெடுத்து வைத்தல் நன்று. இன்று கோலோச்சும் முறைமைகளுக்கும் நாளை ஒரு முடிவு வரலாம். நாம் எழுதியவை அவற்றோடு அழிய வேண்டியதில்லை.