நரம்பறியாத ரம்பம்

சங்கிலி ரம்பம் காட்டை அழிக்கவே பிறந்தது என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். சிம்பாங் ரெங்கம் பக்கம் கிழட்டு ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனைக்கு இடம்பண்ணிய அந்த இரைச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆனால், பல்வைத்த சங்கிலி முதலில் அறுத்தது எலும்பை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து மருத்துவர்கள் ஜான் எய்ட்கனும் ஜேம்ஸ் ஜெஃப்ரேயும் அதைக் கையால் இழுத்து எலும்பை அறுத்தார்கள். 1830 வாக்கில் ஜெர்மனியின் பெர்ன்ஹார்டு ஹைன் அதற்குச் சுழற்றும் கைப்பிடி வைத்தார். 1894இல் இத்தாலியின் லியோனார்டோ ஜிக்லி அதை வெறும் முறுக்குக் கம்பியாக்கினார்.

தாடையைத் திருத்த எலும்பை வெட்டும் வரலாறு 1849இல் அமெரிக்காவின் சைமன் ஹல்லிஹெனிடம் தொடங்குகிறது. தீக்காயத் தழும்பு இழுத்து, கீழ்த்தாடை நீண்டுபோன ஓர் இளம்பெண்ணுக்கு அவர் எலும்பில் ஆப்புவடிவத் துண்டை வெட்டி எடுத்தார். 1957இல் ட்ரவுனரும் ஓப்வேகசரும் வெளியிட்ட முறைதான் இன்றைக்கும் அடிப்படை: வாய்க்குள்ளிருந்தே எலும்பில் கோடு வெட்டி, உளியால் அதை இரு பலகையாகப் பிளப்பது. முகத்தில் தழும்பு இல்லை. ஆனால் அந்த இரு பலகைகளுக்கு நடுவில்தான் கீழுதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு ஓடுகிறது.

என் அண்ணன் மகளுக்கு இந்தச் சிகிச்சை நடந்தது. கடி சரியாகிவிட்டது, கீழுதடு மட்டும் பல மாதம் மரத்துக் கிடந்தது. தேநீர் வழிவதுகூடத் தெரியாது. பால்மரம் வெட்டி எங்களை வளர்த்த அம்மா சொன்னார்: "பட்டையத்தான்யா வெட்டணும். உளி உள்ள பட்டா மரத்துக்குக் காயம்."

ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைக்கும் அந்தக் கைப்பழக்கம் சுழலும் கருவிக்கு இல்லை. அது வேகமானது, எலும்பென்றும் நரம்பென்றும் பார்க்காது. 1990களின் பிற்பகுதியில் இத்தாலியின் தொமாசோ வெர்செல்லோத்தி வளர்த்தெடுத்த பியேசோ கருவி வேறு வழியில் போகிறது. நொடிக்கு 25,000 முறைக்கு மேல் அதிர்ந்து கெட்டியான எலும்பை அறுக்கும். மென்திசு அந்த அதிர்வோடு சேர்ந்து அசைந்து தப்பிவிடும். ஓங்கி அழுத்தினால் வெட்டவே வெட்டாது. நேரமும் கூடுதல், செலவும் கூடுதல்.

அதுவும் முழுக் காவல் இல்லை. பிளக்கும்போது நரம்பு இழுபடலாம். அதனால் கருவியின் பெயரோடு இன்னொன்றையும் மருத்துவரிடம் கேளுங்கள்: "என் நரம்பு எலும்பில் எவ்வளவு ஆழத்தில் ஓடுது?" பதிலை ஸ்கேன் படத்தில் காட்டச் சொல்லுங்கள். உதடு உங்களுடையது.