கொரோனாவில் தள்ளிப்போன டெஸ்ட்... உங்க அம்மா அப்புறம் போனாங்களா?

2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு, பஸ்கள் நின்றன. வால்பாறை எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒரு பெண் கோவை பெரிய ஆஸ்பத்திரிக்கு வரணும்னா 40 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கணும். பஸ் இல்லாமல் எப்படி? அப்புறம் இ-பாஸ். 2021 மே கடைசியில் தினசரி தொற்றில் சென்னையையே கோவை முந்தியது. அந்தக் களேபரத்தில் 'வெள்ளைப்படுது'ன்னு யார் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவாங்க?

இந்தியாவின் 41 புற்றுநோய் மையங்களின் கணக்கை 'லான்செட் ஆன்காலஜி' இதழ் 2021-ல் வெளியிட்டது. 2019-ஐ விட 2020 மார்ச் - மே மாதங்களில் புதிய நோயாளிகளின் பதிவு 54 சதவிகிதம் குறைவு. நோய் குறையலைங்க, வர்றவங்கதான் குறைஞ்சாங்க.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் அவசரப்படாத நோய். ஹெச்.பி.வி வைரஸ் தொற்று புற்றாக மாற பொதுவாகப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். அதனால், அறிகுறி இல்லாதவர் பரிசோதனையை ஒரு வருஷம் தள்ளிப்போட்டிருந்தால் இப்போதும் சரிசெய்துகொள்ளலாம். ஆனால், மாதவிடாய் நின்றபின் ரத்தம், உறவுக்குப் பின் ரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல்... இவை இருந்தும் காத்திருந்தவர்கள் கதை வேறு. முதல் நிலையில் பெரும்பாலும் அறுவை சிகிச்சையோடு முடியும். புற்று பக்கத்துத் திசுக்களுக்குப் பரவிவிட்டால் வாரக்கணக்கில் கதிர்வீச்சு, கூடவே கீமோ.

உண்மையைச் சொன்னால், கொரோனாவுக்கு முன்பும் நம் பெண்கள் தள்ளித்தான் போட்டார்கள். பனியன் கம்பெனியில் ஒருநாள் லீவு என்றால் ஒருநாள் சம்பளம் போச்சு. கூச்சம் வேறு!

இத்தனைக்கும் டெஸ்ட் ரொம்ப எளிது. கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகர் மாதிரியான திரவத்தைத் தடவி, ஒரு நிமிஷம் கழித்து வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். நம்ம ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையை மையமாக வைத்து, திண்டுக்கல் மாவட்டத்தில் 30 - 59 வயதுப் பெண்களுக்கு நர்ஸ்களே இதைச் செய்தார்கள். இந்த நோயால் ஏற்படும் மரணங்கள் 35 சதவிகிதம் குறைந்தன. 2007-ல் 'லான்செட்' வெளியிட்ட இந்த முடிவு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. நமக்குத்தான் தெரியல!

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் இது இலவசம். 30 வயது தாண்டிய அக்கா, அம்மா யாராக இருந்தாலும் 5 வருஷத்துக்கு ஒருமுறை செய்துகொள்ளணும். பீரியட்ஸ் நாளாக இல்லாமல் பார்த்து, நீங்களே வண்டியில் கூட்டிட்டுப் போங்க. திட்டு தெரிந்தால் அது புற்றுநோய்தான் என்று அர்த்தமில்லை; அடுத்த பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அந்த இரண்டாவது டெஸ்ட்டுக்கும் கூடவே போங்க. பலர் நழுவுவது அங்கேதான்.