ஒரே திகதி, இரு வேறு நாட்கள்



ஏப்ரல் 23ஆம் திகதியை உலகம் நூல் தினமாகக் கொண்டாடுகிறது. 1995ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் கூடிய யுனெஸ்கோ பொது மாநாடு இந்நாளை உலக நூல், பதிப்புரிமை தினமாகத் தெரிந்தெடுத்தபோது மூன்று எழுத்தாளர்களின் பெயர்களைக் காரணமாகக் காட்டியது. இங்கிலாந்தின் வில்லியம் ஷேக்ஸ்பியர், ஸ்பெயினின் மிகுவேல் டி செர்வாண்டிஸ், பெரு நாட்டில் பிறந்த இன்கா கார்சிலாசோ டி லா வேகா. மூவரும் 1616 ஏப்ரல் 23ஆம் திகதி மறைந்தவர்கள் என்பது அந்த அறிவிப்பு.

இரு பெரும் மேதைகள் ஒரே நாளில் கண்மூடினர் என்று மேடைகளில் உருக்கமாகச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை அதுவன்று. செர்வாண்டிஸ் இறந்து பதினொரு நாட்கள் சென்ற பின்னரே ஷேக்ஸ்பியர் இறந்தார்.

இந்த முரண்பாட்டை விளங்கிக்கொள்வது நமக்குக் கடினமல்ல. ஒரு வீட்டில் வாக்கிய பஞ்சாங்கம், அடுத்த வீட்டில் திருக்கணித பஞ்சாங்கம். சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரத்தை இரண்டும் வெவ்வேறாகச் சொல்லும். சில ஆண்டுகளில் விரதமே ஒரு நாள் முன்பின்னாக அமைந்துவிடும். ஐரோப்பாவிலும் அன்று நிகழ்ந்தது இதுதான்; அங்கே வேறுபாடு நாழிகைக் கணக்கில் அல்ல, நாட்கணக்கில் இருந்தது.

ஜூலியஸ் சீசர் வகுத்த பழைய கலண்டர் ஆண்டின் நீளத்தைச் சுமார் பதினொரு நிமிடம் கூட்டிக் கணக்கிட்டிருந்தது. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல அந்த நிமிடங்கள் சேர்ந்து பத்து நாட்களாகிவிட்டன. 1582இல் பாப்பரசர் பதின்மூன்றாம் கிரெகரி இதைத் திருத்தினார். அவ்வாண்டு ஒக்டோபர் 4ஆம் திகதி வியாழக்கிழமைக்கு அடுத்த நாள், ஒக்டோபர் 15ஆம் திகதி வெள்ளிக்கிழமை. கத்தோலிக்க ஸ்பெயின் உடனே ஏற்றுக்கொண்டது. புரட்டஸ்தாந்து இங்கிலாந்தோ ரோமாபுரியின் கணக்கை ஏற்க 170 ஆண்டுகள் மறுத்து, 1752இல்தான் இறங்கி வந்தது. சூரியன் இருவருக்கும் ஒன்றுதான், பிடிவாதம் வேறு. ஆகவே 1616இல் ஸ்ட்ராட்போர்ட் ஊரில் ஏப்ரல் 23ஆம் திகதி செவ்வாய்க்கிழமை ஷேக்ஸ்பியரின் மூச்சு அடங்கியபோது, மட்ரிட் நகரில் அதே செவ்வாய்க்கிழமை மே மாதம் 3ஆம் திகதியாக இருந்தது.

இன்னொன்றும் உண்டு. செர்வாண்டிஸ் இறந்தது ஏப்ரல் 22, வெள்ளிக்கிழமை. 23ஆம் திகதி என்பது கோயிற் பதிவேட்டில் அவரை அடக்கம் செய்ததற்காக எழுதப்பட்ட திகதி.

அவருடைய கடைசி வாரத்தைச் சற்று நின்று பார்க்கத் தோன்றுகிறது. 1571இல் லெபாந்தோ கடற்போரில் காயமுற்று இடக்கை பயனற்றுப் போனவர் அவர். 1575இல் கடற்கொள்ளையரிடம் அகப்பட்டு அல்ஜியர்ஸ் நகரில் ஐந்தாண்டுகள் அடிமையாகக் கிடந்தார். நான்கு முறை தப்பியோட முயன்றார். நான்கு முறையும் பிடிபட்டார். 1580இல் திரித்துவ சபைத் துறவிகள் பணம் கொடுத்து மீட்டனர். 'டொன் குயிக்சோட்' முதற்பாகம் 1605இல் வெளிவந்தபோது ஐம்பத்தேழு வயதைக் கடந்துவிட்டார். 1616 ஏப்ரல் 18ஆம் திகதி அவருக்கு அவஸ்தைப் பூசுதல் வழங்கப்பட்டது. இனிச் சாவு ஒன்றே மீதி என்ற நிலை. மறுநாள் 19ஆம் திகதி, தாம் எழுதி முடித்திருந்த 'பெர்சிலெஸ்' என்ற நாவலுக்குச் சமர்ப்பண உரை எழுதினார்! மூன்று நாட்களில் மறைந்தார். நாவல் அடுத்த ஆண்டு அச்சாகியது. அடிமைத் தளையிலிருந்து அவரை மீட்ட அதே சபையின் கன்னியர் மடத்திலேதான் உடல் அடக்கம் செய்யப்பட்டது. கல்லறை பின்னர் இடம் தெரியாமற் போயிற்று.

ஷேக்ஸ்பியர் பிறந்ததும் ஏப்ரல் 23ஆம் திகதிதான் என்பார்கள். 1564 ஏப்ரல் 26இல் ஞானஸ்நானம் பெற்றதற்குத்தான் பதிவு உண்டு. பிறந்த நாளுக்கு இல்லை. 23ஆம் திகதி இங்கிலாந்தின் காவலரான புனித ஜோர்ஜின் திருநாள். தேசியக் கவி அன்று பிறந்திருக்க வேண்டும் என்று பின்வந்தோர் விரும்பியிருக்கிறார்கள்.

வேர்ட்ஸ்வேர்த் மறைந்தது 1850இல் இதே திகதியில். பதிப்பகத்தில் ஓவியராக இருந்து 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சுருக்கப் பதிப்புக்குப் படம் வரைந்து, பின்னர் அதையே திரைப்படமாக்கிய சத்யஜித் ராய் மறைந்ததும் 1992இல் இதே திகதியில்.

நூல் தினம் யுனெஸ்கோ கண்டுபிடித்ததன்று. பார்சிலோனா நகரிலே தொழில் செய்த விசெந்தே கிளாவெல் என்ற பதிப்பாளர், புத்தகம் விற்க ஒரு நாள் வேண்டும் என்று முனைந்ததன் பயன் அது. முதலில் 1926 ஒக்டோபர் 7ஆம் திகதி கொண்டாடினர். 1930இல் ஏப்ரல் 23க்கு மாற்றினர். அன்று கத்தலோனியாவில் ரோஜாவும் புத்தகமும் பரிசாகக் கைமாறும். வியாபாரி கண்ட நாள் என்பதால் எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை.

அதே 1926இல்தான் காரைதீவு தந்த விபுலானந்த அடிகளின் 'மதங்க சூளாமணி' மதுரைத் தமிழ்ச் சங்க வெளியீடாக வந்தது. ஷேக்ஸ்பியரின் பன்னிரு நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு பொருத்தி ஆராய்ந்த நூல். அடிகளின் கைக்கு அந்த நாடகங்கள் வந்து சேர்ந்ததற்கு இரண்டு நடிகர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். கவிஞர் இறந்து ஏழாண்டுகளின் பின், 1623இல், அவருடைய தோழர்களான ஜோன் ஹெமிங்ஸ், ஹென்றி கொண்டெல் ஆகியோர் 36 நாடகங்களைத் தொகுத்து அச்சிட்டனர். அவற்றுள் பாதி அதற்கு முன் அச்சேறாதவை. அந்தத் தொகுதி இல்லையேல் 'மக்பெத்' இல்லை. 'ஜூலியஸ் சீசர்' இல்லை.

அவர்கள் சேர்க்காமல் விட்டது ஒன்று உண்டு. செர்வாண்டிசின் நாவல் 1612இல் ஆங்கிலத்தில் வந்தது. அதிலே காதலில் வஞ்சிக்கப்பட்டு மலையில் அலையும் கார்டேனியோ என்ற இளைஞன் வருகிறான். அடுத்த ஆண்டே அந்தப் பெயரில் ஷேக்ஸ்பியரின் குழுவினர் அரண்மனையில் ஒரு நாடகம் ஆடினர். ஷேக்ஸ்பியரும் பிளெச்சரும் சேர்ந்து எழுதியது என்று 1653இல் ஒரு பதிப்பாளர் பதிந்து வைத்தார், அச்சிட்டதாகத் தெரியவில்லை. இரு மேதைகளும் உண்மையாகச் சந்தித்த இடம் அந்த நாடகம்தான். அதன் மூலப்பிரதி லண்டன் கொவென்ற் கார்டன் அரங்கிலே இருப்பதாக 1770இல் ஒரு பத்திரிகை எழுதியது. 1808இல் அந்த அரங்கு நூலகத்தோடு எரிந்தது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் 1981இல் எரிந்ததை அறிந்த நாம், இந்தச் செய்தியை எளிதாகக் கடந்து போக முடியாது.

'கார்டேனியோ' ஆடப்பட்டதற்கு எஞ்சியிருக்கும் சான்று, 1613ஆம் ஆண்டு அரசவைக் கணக்கேட்டில் நடிகர் குழுவுக்குப் பணம் கொடுத்த குறிப்பு. குழுவின் சார்பில் அந்தப் பணத்தைப் பெற்றுக்கொண்டவர் ஜோன் ஹெமிங்ஸ்.